பத்திரம் போடும் முன்னால் என்னிடம் கேட்பவை

“அக்கா, ஈசி போட்டுப் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. புதன்கிழமை முகூர்த்தம். அன்னைக்கே பத்திரம் போட்டுடலாமா?”

வாரத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்டுக்கொண்டே என் கடைக்குள் நுழைகிறார்கள். திருச்சிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் பத்துக்கு எட்டு அறை என்னுடையது. அப்பா இதே இடத்தில் முத்திரைத்தாளில் கையால் எழுதினார். நான் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன். ஆவண எழுத்தர் உரிமம் வாங்கி இருபத்தாறு வருஷம் ஆகிறது. வக்கீல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தப் பத்திரம் பின்னால் கோர்ட்டுக்குப் போகும் என்று வாசனை பிடிக்கத் தெரியும். அப்பா ஒரு பத்திரத்தைக் கையில் வாங்கினால், யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டார். யார் போடவில்லை என்றுதான் தேடுவார். கீழே உள்ள பதில்களில் பாதி அவரிடம் கற்றது.

ஈசி சுத்தமாக இருந்தால் வாங்கலாமா?

ஈசி என்று நாம் சொல்லும் வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தின் புத்தகத்தில் அந்தச் சொத்துக்கு எதிரே என்னென்ன ஏறியிருக்கிறது என்ற பட்டியல், அவ்வளவுதான். பதியாத எதுவும் அதில் வராது. வீட்டு பீரோவில் இருக்கும் உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்று, காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் வாடகைக்காரர் என எதுவும் தெரியாது.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். தேடும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. சர்வே எண் 142/2பி என்றால் அதை மட்டும் போட்டுப் பார்க்கிறார்கள். உட்பிரிவு ஆவதற்கு முன் அது வெறும் 142/2 ஆக இருந்திருக்கும். பழைய பதிவெல்லாம் அந்த எண்ணில்தான் கிடக்கும். இரண்டையும் போடுங்கள். உங்கள் ஊர் முன்பு வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்து பின்னால் பிரிந்து வந்திருந்தால், பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

ஈசியில் அடமானம் என்று ஒரு வரி இருந்தால் பயந்துவிடாதீர்கள். அதற்கு ஜோடியாகக் கீழே ரசீது என்று ஒரு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கடனை அடைத்துவிட்டோம் என்பார்கள். உண்மையிலேயே அடைத்தும் இருப்பார்கள். ரசீதுப் பத்திரம் பதியாதவரை ஏட்டில் கடன் கடன்தான்.

சரி, அப்படி முகூர்த்தம் குறித்துக்கொண்டு வாங்க வந்த ஒரு ஜோடியின் கதைக்கு வருகிறேன். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 1,200 சதுரடி இடம், அதில் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய ஒரு தளம். 30 வருஷ ஈசியில் ஒன்றுமே இல்லை. தாய்ப்பத்திரம், அதாவது விற்பவருக்குச் சொத்து வந்த மூலப் பத்திரம் என்று 1991ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினை ஒன்றைக் கொடுத்தார்கள். அண்ணன் தம்பி இருவர் பிரித்துக்கொண்டதில் தம்பிக்கு இந்த இடம் வந்திருக்கிறது. அவர்தான் விற்கிறார். 30 வருஷம் மட்டும் பார்த்ததால் அந்தப் பாகப்பிரிவினைகூட ஈசியில் வரவில்லை. இடம் அவர்களுடைய அப்பா 1974இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் 1990இல் தவறிவிட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை.

“அப்பாவுக்குப் பொம்பளப் புள்ளைங்க இல்லையா?” என்று கேட்டேன்.

புரோக்கர்தான் பதில் சொன்னார்: “ஒரு அக்கா இருக்காங்கம்மா. கல்யாணமாகி மஸ்கட்ல செட்டில் ஆயிட்டாங்க. நூறு பவுன் போட்டு, சீர் எல்லாம் குறையில்லாம செஞ்சாச்சு.”

அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை வைத்துவிட்டு உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது அன்றிலிருந்தே சட்டம். நூறு பவுன் போட்டாலும் இருநூறு பவுன் போட்டாலும் சீர் என்பது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் ஆகாது. மூன்றில் ஒரு பங்கு அந்த அக்காவுடையது. அவர் கையெழுத்து இல்லாத 1991 பாகப்பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது. இது தெரியாமல் பத்திரம் போட்டிருந்தால், வாங்கியவர் மொத்த விலை கொடுத்து மூன்றில் இரண்டு பங்கு வீட்டை வாங்கியிருப்பார்.

பூர்விகச் சொத்து என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு அதில் பிறப்பால் பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் போய்விட்டது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் பதிந்து முடிந்த பாகப்பிரிவினைகளை இந்த 2005 திருத்தம் கலைக்காது. இதையெல்லாம் உங்கள் சொத்துக்குப் பொருத்திப் பார்ப்பது வக்கீல் வேலை. கிடைக்கும் எல்லா ஆவணங்களையும் கொடுத்து எழுத்தில் ஒரு லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள். வீட்டு விலையில் அந்த ஃபீஸ் ஒரு தூசு.

அந்த அக்கா மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் பவரில், அதாவது தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரத்தில், கையெழுத்திட்டு அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். கட்டினோம். அதை வைத்து விடுதலைப் பத்திரம், அதன் பிறகு கிரயம். இரண்டு மாதம் தள்ளிப்போனது. அவர் பணம் எதுவும் கேட்கவில்லை. “முப்பது வருஷத்துல என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு யாருக்கும் தோணலையா?” என்று மட்டும் தம்பியிடம் போனில் கேட்டாராம்.

இறந்தவர் பேரில் சொத்து இருந்தால் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று இரண்டையும் வாங்குங்கள். அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள். சான்றில் இல்லாத இரண்டாம் தாரத்து மகனை எதிர்வீட்டுப் பாட்டி பெயரோடு சொல்வார். வாரிசுகளில் யாராவது பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால், அந்தப் பிள்ளையின் பங்கை விற்க அப்பா அம்மா கையெழுத்து போதாது. கோர்ட்டில் முன் அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருஷத்துக்குள் வந்து கிரயம் செல்லாது என்று வழக்குப் போடலாம்.

பட்டா முக்கியமா, பத்திரம் முக்கியமா?

இரண்டு கண்ணில் எது முக்கியம் என்று கேட்கிற மாதிரி. உரிமையைக் கொடுப்பது பத்திரம். வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயர் நிற்கிறது என்று காட்டுவது பட்டா. பட்டாவை மட்டும் காட்டி விற்க வருகிறவரிடம், அவருக்கு அது எப்படி வந்தது என்று கேளுங்கள். பத்திரம் கையில் இருந்தும் பட்டா இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில் இருந்தால், மாற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள். கூட்டுப் பட்டா என்றால் அதில் உள்ள மற்ற பெயர்கள் யார் என்று பாருங்கள்.

பட்டா, ‘அ’ பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் மூன்றையும் அரசின் இ-சேவை தளத்தில் எடுக்கலாம். நகரத்துக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு. ‘அ’ பதிவேட்டை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நிலம் அடிப்படையில் தனியாருக்குரிய ரயத்துவாரியா, அரசுப் புறம்போக்கா, கோயில் நிலமா என்பதை அதில்தான் முதலில் பார்க்க முடியும். பஞ்சமி நிலம் என்று ஒரு வகை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில், 1892இல் வந்த உத்தரவின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. வேறு சமூகத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இன்றைக்கும் அதன் மேல் இருக்கிறது. நாலு கை மாறி வந்திருந்தாலும் அந்த நிபந்தனை அழியாது.

மனை என்றால் நகர ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி, சென்னைப் பக்கம் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் புதிதாக மனை போட்டு விற்றால் பதிய மாட்டார்கள். அதற்கு முந்தைய மனை என்றால் வரன்முறைப்படுத்திய உத்தரவைக் கேளுங்கள்.

டேப் எடுத்துப் போனீர்களா?

இது நான் அவர்களைத் திருப்பிக் கேட்கும் கேள்வி. பாதிப்பேர் சிரிப்பார்கள். பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் என்று ஒரு பத்தி வரும். விலையைத் தேடிப் படிப்பார்கள். இதைப் படிக்கவே மாட்டார்கள். அது இப்படி இருக்கும்: “இதற்குச் செக்குபந்தி: கிழக்கில் 20 அடி அகல தென்வடல் பாதை, மேற்கில் 17ஆம் நம்பர் மனை, வடக்கில் 12ஆம் நம்பர் மனை, தெற்கில் 14ஆம் நம்பர் மனை. இதன் மத்தியில் கிழமேல் இருபுறமும் ஜாதியடி 40, தென்வடல் இருபுறமும் ஜாதியடி 30, ஆக 1,200 சதுரடி.”

செக்குபந்தி என்றால் நான்கு பக்க எல்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் போய் நில்லுங்கள். கிழக்கே பார்த்து நின்று ஒவ்வொரு பக்கமாகச் சொல்லுங்கள். பாதை உண்மையிலேயே 20 அடி இருக்கிறதா? பின்பக்கம் அளந்தால் 30 அடி வருகிறதா, இல்லை பக்கத்து வீட்டுக்காரர் சுவர் ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கிறதா? அளவுக்கும் எல்லைக்கும் முரண் வந்தால் கோர்ட் பொதுவாக எல்லையைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் 1,200 என்று எழுதியிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

எழுத்துப் பிழை என்னிடமும் நடந்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால், 2பி என்பதற்கு 2ஏ என்று அடித்துவிட்டேன். வாங்கியவர், விற்றவர், சாட்சிகள் எல்லோரும் கையெழுத்திட்டார்கள், பதிவும் ஆகிவிட்டது. பட்டாவுக்குப் போனபோதுதான் தெரிந்தது. பிழைதிருத்தல் பத்திரம் போட விற்றவரே திரும்ப வர வேண்டும். அவர் அதற்குள் ஓசூருக்குக் குடிபோய்விட்டார். என் செலவில் பஸ் டிக்கெட் எடுத்து, மதியச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அன்றிலிருந்து டிராஃப்டை வாங்குகிறவர் கையில் கொடுத்து, தாய்ப்பத்திரத்தை விற்பவர் கையில் கொடுத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்கச் சொல்கிறேன். நீங்கள் எந்த எழுத்தரிடம் போனாலும் முதல் நாளே டிராஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதுதான் பார்க்க வேண்டியது. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. செக், டிடி, பேங்க் டிரான்ஸ்ஃபர் என்று போங்கள். வெள்ளைத்தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருபது லட்சம் கொடுத்தவரை எனக்குத் தெரியும். கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 முதல் சட்டமே இருக்கிறது. பதிந்தால் ஈசியில் ஏறும். அதே வீட்டை இன்னொருவருக்குப் பேசினால் அவருக்கும் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் கெடு தேதி, அதற்குள் விற்பவர் முடித்துத் தர வேண்டிய வேலைகள், முடிக்காவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று மூன்றையும் எழுதுங்கள்.

புது அடுக்குமாடி வீடு பில்டரிடம் வாங்கினால், ஒப்பந்தத்தைப் பதியும் முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்க ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இடம் தரவில்லை.

பவர் ஏஜென்டிடம் வாங்கலாமா?

வாங்கலாம், பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருந்தால். அவர் இறந்த நிமிஷமே சாதாரணப் பவரும் செத்துப்போகிறது. ஏஜென்ட் அதற்குப் பிறகு போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அதனால்தான் பதிவின்போது உயிர்வாழ் சான்று கேட்கிறார்கள். சான்று இருந்தாலும் பவர் கொடுத்தவரிடம் நீங்களே ஒருமுறை வீடியோ காலிலாவது பேசிவிடுங்கள். நான் பிடிவாதமாகச் செய்யச் சொல்கிற வேலைகளில் இது ஒன்று. “பவரையே உங்க பேருக்கு எழுதித் தர்றோம், பத்திரச் செலவு மிச்சம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பவரால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

பேங்கில் லோன் கொடுத்துவிட்டார்களே, அப்புறம் என்ன?

பேங்க் வக்கீல் பேங்கின் பணத்துக்குப் பார்க்கிறார். நீங்கள் மாதாமாதம் சம்பளத்திலிருந்து கட்டப்போகிறீர்கள் என்பதும் அவர்களுக்கு ஒரு ஜாமீன்தான்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

சாதாரணக் கிரயத்துக்கு ஒன்பது சதவீதம். முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2. பதிவுக் கட்டணம் 2023க்கு முன்னால் 4 ஆக இருந்தது. உதாரணத்துக்கு, நிலம் 1,200 சதுரடி, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு சதுரடி 1,500 என்றால் 18 லட்சம். கட்டட மதிப்பு 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 30 லட்சம். அதற்கு 2,70,000 ரூபாய். பெண் பெயரில் வாங்கினால் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. “முழுசும் வீட்டுக்காரி பேர்ல போட்டா கொறையுமாக்கா?” என்று ஆவலாகக் கேட்கிறவர்களுக்கு இந்தப் பத்து லட்ச வரம்பைச் சொன்னதும் முகம் வாடிவிடும்.

வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாமே என்று விற்பவர் கேட்பார். நாளைக்கு வழக்கு வந்து பணம் திரும்பக் கேட்க வேண்டிய நிலை வந்தால் பத்திரத்தில் இருக்கும் தொகைதான் பேசும். நீங்கள் விற்கும்போது லாபத்துக்கு வரி கட்டுவதும் அந்தத் தொகையை வைத்துத்தான். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீதத்தை நீங்கள் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய வரியே வேறு. ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பதிவு அன்றைக்கு என்ன நடக்கும்?

டோக்கன் ஆன்லைனில் முன்பே போட்டுவிடுவோம், கட்டணமும் ஆன்லைனில்தான். முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் தருகிறார்கள், ஆனாலும் கூட்டம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். ஆடியில் வந்தால் அரை மணியில் முடிந்துவிடும் என்று சொல்வேன், யாரும் கேட்டதில்லை. ஆதார், பான் எல்லாம் ஒரிஜினல். சாட்சி இருவர், அவர்களுக்கும் அடையாள அட்டை. கேமரா முன் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள், கைரேகை வைக்கச் சொல்வார்கள். சார்பதிவாளர் விற்பவரைப் பார்த்துப் பணம் வந்துவிட்டதா என்று கேட்பார். டிடியை அந்த நேரம்வரை உங்கள் பையிலேயே வைத்திருங்கள். வெளியே டீக்கடையில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

கையெழுத்திட்ட பத்திரத்தை நாலு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவர் வெளியூர் போய்விட்டார், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுத் திண்டாடுகிறவர்கள் உண்டு.

பத்திரம் கைக்கு வந்த பிறகு?

தாய்ப்பத்திரங்களின் ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் பெரிய இடத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்றிருந்தால் ஒரிஜினல் அவரிடமே இருக்கும். அப்போது சான்றிட்ட நகலை வாங்கிக்கொண்டு, தேவைப்படும்போது ஒரிஜினலைக் காட்டுவேன் என்று பத்திரத்திலேயே ஒரு வரி எழுத வேண்டும். முழு உட்பிரிவையும் வாங்கியிருந்தால் பட்டா பெரும்பாலும் தானாகவே மாறும். இடத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்கும் நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள். சொத்து வரி, இபி, தண்ணீர் இணைப்பு எல்லாவற்றிலும் பெயரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு ஈசி எடுத்து, கடைசி வரியில் உங்கள் பெயரும் சர்வே எண்ணும் பிழையில்லாமல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், தயவுசெய்து பத்திரத்தை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இதைப் படித்தால் என்னோடு சண்டைக்கு வருவார். ஆனால் போன மாதம்கூட ஒருவர் பளபளவென்று பிளாஸ்டிக் போட்டுக் கொண்டுவந்து, “இதுல கொஞ்சம் கையெழுத்து வாங்கணும்க்கா” என்று நின்றார்.